மூன்றும் நல்லதுதான் என்ற பதில்

"மூணுமே நல்ல கம்பெனிதாங்க. எதை வெச்சாலும் கேட்கும். நீங்களே பார்த்து முடிவு பண்ணிச் சொல்லுங்க." காது கேட்காதவர்களின் உள்காதுக்குள் வைத்து, மின்துடிப்பால் செவி நரம்பைத் தூண்டிக் கேட்கவைக்கும் கருவிதான் காக்ளியர் இம்ப்ளாண்ட். அந்த ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களில் பெரும்பாலோர் இதை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்டிருப்பார்கள். டாக்டர் சொல்வார், செவித்திறனைச் சோதித்துக் கருவியை அமைத்துக் கொடுக்கும் ஆடியாலஜிஸ்ட் சொல்வார், ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்களும் சொல்வார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தப் பதில் என்னை விடவில்லை. ஆபரேஷனுக்கு முன்பு இதை நினைத்துக்கொண்டு தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன். எல்லாம் முடிந்து, ஓரளவு நன்றாகவே கேட்கத் தொடங்கிய பிறகும், யாராவது "எந்த பிராண்ட் வைக்கலாம்?" என்று கேட்டால் என் வாயிலும் முதலில் இதேதான் வருகிறது. சொன்ன உடனே எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதையும் பார்க்கிறேன். ஒரு கருவியைக் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அதனோடு இருக்கப்போகிறவருக்கு "எல்லாம் ஒண்ணுதான்" என்பது ஆறுதலாக இல்லை. தனியே விட்டுவிட்டுப் போனது போல இருக்கிறது.

அதனால் இந்தப் பதில் எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் உண்மை இல்லை என்பதைப் பொறுமையாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. என் காது விஷயம் பெரிய கதை இல்லை. முப்பதுகளில் இரண்டு பக்கமும் மெல்ல மெல்லக் குறைய ஆரம்பித்தது. வலது காதில் ஹியரிங் எய்டை எவ்வளவு கூட்டி வைத்தாலும் சத்தம் வருமே தவிர சொல் வராது என்ற நிலை வந்துவிட்டது. இடது காது இன்னும் ஹியரிங் எய்டோடு ஓடுகிறது. வலது பக்கம் இம்ப்ளாண்ட் என்று முடிவானதும் காக்ளியர், மெட்-எல், அட்வான்ஸ்டு பயானிக்ஸ் என்ற மூன்று நிறுவனங்களின் விளம்பரக் கையேடுகள் என் கைக்கு வந்தன. மூன்றிலும் சிரிக்கிற தாத்தா, சிரிக்கிற குழந்தை, மழையில் நனைகிற பெண். மூன்றுமே "இயற்கைக்கு மிக அருகில்" என்று சொல்லின.

முதலில் நான் எழுப்பிய கேள்வி, எல்லோரும் எழுப்புகிற கேள்விதான். எதில் நன்றாகக் கேட்கும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் அநேகமாக யாரும் இல்லை என்பது புரியக் கொஞ்ச நாள் ஆனது. கண்ணாடி வாங்கும்போது இந்த லென்ஸ், அந்த லென்ஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறோம். இதில் அது முடியாது. ஒரே காதில் மூன்று இம்ப்ளாண்டையும் கேட்டுப் பார்த்தவர் என்று யாரும் கிடையாது. பொருத்திக்கொண்டவரைக் கேட்டால் தன்னுடையது அருமை என்பார். அவர் சொல்வது மனதாரச் சொல்வதுதான். ஆனால் அவர் காது கேட்காமல் இருந்தது எத்தனை ஆண்டு, அவருடைய செவி நரம்பு எப்படி இருக்கிறது, பேச்சு வந்த பிறகு கேட்காமல் போனதா, பிறவியிலேயேவா, ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு பயிற்சி செய்தார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த "அருமை". பிராண்டின் பங்கை அதிலிருந்து தனியே பிரித்தெடுக்க வழியில்லை. ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே டாக்டர் என்று இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் போனில் சரளமாகப் பேசுகிறார், மற்றவர் உதட்டைப் பார்க்காமல் புரிந்துகொள்ள இன்னமும் திணறுகிறார். பிராண்டுக்கும் பிராண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரியது.

22, 16, 12

அப்புறம் எண்களுக்குப் போனேன். எண் என்றால் ஒப்பிடலாம் அல்லவா? காக்ளியர் நிறுவனத்தின் இம்ப்ளாண்டில் உள்காதுக்குள் போகிற எலக்ட்ரோடுகள், அதாவது நரம்பைத் தூண்டும் மின்முனைகள், 22. அட்வான்ஸ்டு பயானிக்ஸில் 16. மெட்-எல்லில் 12 சேனல், அதாவது தனித்தனியே தூண்டும் இடங்கள். இதைப் பார்த்ததும் 22தான் சிறந்தது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அட்வான்ஸ்டு பயானிக்ஸ்காரர்கள் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளுக்கு மின்னோட்டத்தைப் பங்கிட்டு அனுப்பி, இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி தூண்டப்படுவது போலச் செய்கிறார்கள். அந்தக் கணக்கில் 120 என்கிறார்கள். மெட்-எல்காரர்கள் எண்ணிக்கையைவிட நீளம்தான் முக்கியம், உள்காதில் நத்தை ஓடு போல இருக்கும் சுருளின் உச்சி வரை எட்டினால்தான் அடித்தொனிகள் அதனதன் இடத்தில் விழும் என்கிறார்கள். மின்முனைகளைத் தாங்கி உள்ளே போகிற முழு இழையையும் எலக்ட்ரோடு என்றே சொல்கிறார்கள். அவர்களுடைய நீளமான எலக்ட்ரோடுகளில் ஒன்று 31.5 மில்லிமீட்டர். மற்ற இரண்டு நிறுவனங்களின் எலக்ட்ரோடுகள் பொதுவாக இதைவிடக் குட்டையானவை. ஒவ்வொருவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று நியாயங்களையும் ஒரே தராசில் வைக்கத்தான் முடியவில்லை.

கொஞ்சம் படித்த பிறகு ஒன்று தெளிவானது. உள்காது முழுக்கத் திரவம். அதற்குள் ஒரு எலக்ட்ரோடில் இருந்து புறப்படும் மின்னோட்டம் நேராக ஒரு நரம்பு இழையை மட்டும் போய்த் தொடுவதில்லை. ஈரத்துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மைத்துளிகள் போல ஒன்றோடொன்று பரவிக் கலந்துவிடுகிறது. அதனால் உள்ளே எத்தனை எலக்ட்ரோடு இருந்தாலும், பேச்சைப் புரிந்துகொள்வதில் ஏழெட்டு, மிஞ்சினால் பத்து தனித்தனிச் சேனல்களுக்கு மேல் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை என்றே பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. சுருளின் உள்சுவரை ஒட்டி, நரம்புக்கு அருகில் படுக்கிற எலக்ட்ரோடுகளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பயன் கிடைக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் 22 என்பது 12ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்கும் என்று அர்த்தம் இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்தது. இந்தக் கருவிகள் ஆரம்பத்தில் இருந்தே ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். 1977இல் வியன்னாவில் இங்கபோர்க் ஹோக்மயர், எர்வின் ஹோக்மயர் தம்பதி உருவாக்கிய பல சேனல் இம்ப்ளாண்ட் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 1978இல் மெல்போர்னில் கிரேயம் கிளார்க் தன்னுடையதைப் பொருத்தினார். முன்னது மெட்-எல் ஆனது, பின்னது காக்ளியர் நிறுவனம் ஆனது. ஆனால் அந்தக் காலத்தில் உதட்டசைவின் துணை இல்லாமல் இதை மட்டும் வைத்துப் பேச்சைப் புரிந்துகொள்வது பெரும்பாலோருக்குக் கடினமாகவே இருந்தது. அதை மாற்றியது அமெரிக்காவில் பிளேக் வில்சன் குழு கண்டுபிடித்த ஒலி பிரிக்கும் முறை. எலக்ட்ரோடுகள் ஒரே நேரத்தில் துடிக்காமல், மிக வேகமாக ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1991இல் அது வெளியானது. அதைத் தங்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்காமல் எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தும்படி விட்டார்கள். இன்று மூன்று பிராண்டுகளின் உள்ளேயும் ஓடுகிற முறைகள் பெயரில் வேறு வேறாக இருந்தாலும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. 2013ஆம் ஆண்டு லாஸ்கர் விருதை கிளார்க், இங்கபோர்க் ஹோக்மயர், வில்சன் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். "மூணும் நல்லதுதான்" என்ற வாக்கியம் ஒலியைப் பொறுத்தவரை ஏன் உண்மையாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, ஒலியில் வித்தியாசம் பெரிதாக இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது எதைத்தான் பார்ப்பது?

உள்ளே இருப்பது, வெளியே இருப்பது

கையேடுகளைப் பார்த்தால் முக்கால்வாசிப் பக்கங்கள், ஒலியை வாங்கி உள்ளே இருக்கும் இம்ப்ளாண்டுக்கு அனுப்புகிற வெளிக்கருவியைப் பற்றித்தான். எந்தப் போனோடு நேரடியாக இணையும், எத்தனை நிறங்களில் வரும், நீச்சல் அடிக்கலாமா, ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடும். இதையெல்லாம் ஒப்பிட்டு என் மகள் ஒரு பெரிய அட்டவணையே போட்டுக் கொடுத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுத்தியது. வெளிக்கருவி, அதாவது பிராசஸர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறப்போகிறது. 2017இல் காக்ளியர் நிறுவனத்தின் நியூக்ளியஸ் 7 ஐபோனோடு நேரடியாக இணைந்தபோது அது பெரிய செய்தி. பிறகு அட்வான்ஸ்டு பயானிக்ஸின் புதிய பிராசஸர் சாதாரண புளூடூத் உள்ள எந்தப் போனோடும் பேச ஆரம்பித்தது. ஒருவர் முந்தினால் இரண்டு மூன்று ஆண்டில் அடுத்தவர் எட்டிப் பிடித்துவிடுகிறார். ஆனால் உள்ளே வைப்பது அப்படி மாறாது. பழுதாகாத வரை அதை யாரும் தொடப்போவதில்லை. அதோடு, ஒரு நிறுவனத்தின் இம்ப்ளாண்டுக்கு இன்னொரு நிறுவனத்தின் பிராசஸர் வேலை செய்யாது. ஆக, இன்றைய பிராசஸரின் அழகைப் பார்த்து முடிவெடுத்தால், சீக்கிரம் பழசாகப்போகிற ஒன்றுக்காக, மாற்றவே முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடும். மகளின் அட்டவணையில் இருந்த வரிகளைத் தலைகீழாக மாற்றி, உள்ளே இருப்பதை மேலே கொண்டுவந்தோம்.

உள்ளே இருப்பதில் எனக்கு முதலில் தட்டுப்பட்டது எம்.ஆர்.ஐ. எனக்கு முதுகுத்தண்டில் ஒரு பழைய பிரச்சினை இருக்கிறது. அவ்வப்போது ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். இம்ப்ளாண்டுக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. வெளியே தலையில் ஒட்டிக்கொண்டு பிராசஸரில் இருந்து உள்ளே சிக்னல் அனுப்பும் காயிலைப் பிடித்து வைப்பது அதுதான். எம்.ஆர்.ஐ. இயந்திரமும் ஒரு பெரிய காந்தம். அதன் காந்த வலிமையை டெஸ்லா என்ற அளவில் சொல்வார்கள். பழைய மாடல்கள் பலவற்றில் 1.5 டெஸ்லா என்றால் தலையைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும், 3 டெஸ்லா என்றால் சின்ன ஆபரேஷன் செய்து காந்தத்தை வெளியே எடுக்க வேண்டும். கட்டுப் போட்டும் காந்தம் இடம் பெயர்ந்து வலியில் துடித்தவர்கள் உண்டு. மெட்-எல்லின் சிங்க்ரனி மாடலில் காந்தம் தானாகச் சுழன்று திசைக்கு ஒத்துப்போகும்படி செய்து இந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். சில ஆண்டுகளில் மற்ற இரண்டு நிறுவனங்களும் தங்கள் புதிய மாடல்களில் அதே வசதியைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே இப்போது கேட்க வேண்டியது "எந்த பிராண்ட்" என்பதைவிட "எனக்கு வைக்கப்போகிற மாடலின் சரியான பெயர் என்ன" என்பதுதான். ஒரே பிராண்டின் பழைய மாடலும் புதிய மாடலும் ஒரே காலத்தில் விற்பனையில் இருக்கலாம். ஆபத்தில்லாமல் ஸ்கேன் எடுக்க முடிந்தாலும், காந்தத்தைச் சுற்றி உள்ள பகுதி படத்தில் கறுப்பு நிழலாகத்தான் விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூளையை அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

அடுத்தது, உள்ளே வைத்தது பழுதாகுமா என்பது. இதில் எந்த நிறுவனமும் கறை படாதது இல்லை. 2011இல் காக்ளியர் நிறுவனம் தன் சி.ஐ. 500 வரிசையைத் திரும்பப் பெற்றது. 2020இல் அட்வான்ஸ்டு பயானிக்ஸ் தன் ஹைரெஸ் அல்ட்ரா மாடல்களின் முதல் பதிப்பைத் திரும்பப் பெற்றது. இரண்டிலுமே மூல காரணம் ஈரம் புகுந்ததுதான். இதைப் படித்த அன்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிறகு நிதானமாக யோசித்தேன். நிறுவனங்கள் நம்பகத்தன்மை அறிக்கை வெளியிடுகிறார்கள். பொருத்தி இத்தனை ஆண்டுகள் ஆனபின் எத்தனை சதவீதக் கருவிகள் வேலை செய்கின்றன என்று, பெரியவர்களுக்குத் தனியாகவும் குழந்தைகளுக்குத் தனியாகவும், மாடல் வாரியாக அதில் இருக்கும். பிராண்ட் பெயருக்குப் பதிலாக மாடல் பெயரைத் தேடிப் படித்தால் விஷயம் புரிகிறது. அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. மிகப் புதிய மாடலுக்கு எம்.ஆர்.ஐ. வசதி போன்றவை எல்லாம் இருக்கும், ஆனால் அதன் வரலாறு இரண்டு மூன்று ஆண்டுதான். நீண்ட வரலாறு உள்ள மாடலுக்கு அந்தப் புதிய வசதிகள் இருக்காது. இந்த இரண்டில் எது உங்களுக்கு முக்கியம் என்பதை வேறு யாரும் முடிவு செய்ய முடியாது.

நிறுவனமே நிலைத்து நிற்குமா என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆட்டிகான் மெடிக்கல் என்று நான்காவதாக ஒரு நிறுவனம் இருந்தது. 2021இல் அதன் இம்ப்ளாண்ட் ஒன்றில் கோளாறு வந்து திரும்பப் பெற்றார்கள். 2022இல் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தார்கள். 2024இல் அந்தப் பிரிவு காக்ளியர் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. அந்தக் கருவி பொருத்தியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அதோடு கைமாறியது. அவர்களை அந்தரத்தில் விட்டுவிடவில்லை என்பது நிம்மதிதான். ஆனாலும் நமக்குள் இருக்கும் ஒரு கருவியின் எதிர்காலம் வேறு எங்கோ ஒரு அலுவலகத்தில் நடக்கும் பேரத்தில் தீர்மானமாகிறது என்ற நினைப்பு எனக்கு வெகு நாள் போகவில்லை.

கேள்வியை மாற்றிய நாள்

இத்தனையும் படித்துவிட்டுப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோதும் அவர் சொன்னது பழைய பதிலைத்தான். அவர் என்னைப் பார்த்து உதடு தெரியும்படி மெதுவாகப் பேசுவார். விட்டுப்போவதை மகள் நோட்டில் எழுதிக் காட்டுவாள். "மூணும் நல்லதுதான்" என்று அவள் எழுதவே வேண்டியிருக்கவில்லை. உதட்டைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அப்போது ஏனோ நான் வேறு மாதிரி கேட்டேன். "எது நல்லதுன்னு கேட்கலை டாக்டர். என் காதுக்கு எது சரிப்படாது, அதைச் சொல்லுங்க."

அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் சி.டி. ஸ்கேன். சாம்பல் நிறத்தில் எலும்பு, நடுவில் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு சுருள். அதன் அடிப்பகுதியில் மௌஸை வைத்து, எதிர்ச்சுவர் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் மில்லிமீட்டரில் ஓர் எண் வந்தது. "இதை வெச்சு மொத்த நீளத்தைக் கணக்குப் போடலாம். உங்களுக்குச் சராசரியைவிடச் சின்னது," என்றார். நத்தைச் சுருளின் நீளம் சிலருக்கு 25 மில்லிமீட்டரை ஒட்டியும் சிலருக்கு 35ஐ ஒட்டியும் இருக்குமாம். எல்லோருடைய காதும் ஒரே அளவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "ரொம்ப நீளமான எலக்ட்ரோடு உங்களுக்கு முழுசா உள்ள போகாது. கடைசி ஒண்ணு ரெண்டு காண்டாக்ட் வெளியவே நின்னுடும்." பிறகு எந்தத் தொனி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராமை எடுத்து வைத்தார். வலது காதில் உயர்ந்த ஒலிகள் எல்லாம் போய்விட்டாலும் அடித்தொனி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று விரலால் அந்த இடத்தைக் காட்டினார். "இதை முடிஞ்ச வரைக்கும் காப்பாத்தணும். அதுக்கு மெல்லிசா, வெளிச்சுவரை ஒட்டி நேரா போறது என் கைக்கு நல்லா வரும். முன்னாடியே வளைச்சு வர்ற வகையை நல்லா வைக்கிற டாக்டர்களும் இருக்காங்க. நான் இதுலதான் பழகினவன்." கடைசியாக, நான் கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார். மூன்றில் இரண்டு நிறுவனங்களுடையதை அவர் தொடர்ந்து வைக்கிறார். மூன்றாவதை வைத்திருக்கிறார், ஆனால் அவ்வளவு இல்லை.

இதைத்தான் நான் இவ்வளவு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கருத்து இல்லாமல் இல்லை. "எது நல்லது" என்று கேட்டால் ஒரு நிறுவனத்தைத் தூக்கியும் இன்னொன்றைத் தாழ்த்தியும் பேச வேண்டிவரும். நேர்மையான டாக்டர் அதைச் செய்யத் தயங்குவார், தயங்கத்தான் வேண்டும். "எனக்கு எது சரிப்படாது" என்று கேட்டபோது பேச்சு நிறுவனத்தை விட்டு என் எலும்புக்கும் என் நரம்புக்கும் அவர் கைப்பழக்கத்துக்கும் வந்துவிட்டது. அங்கே அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. இன்னொன்றும் அன்று புரிந்தது. பிராண்டுகள் மூன்றுதான், ஆனால் ஒவ்வொரு பிராண்டுக்குள்ளும் குட்டை, நீளம், நேர், வளைவு என்று பல எலக்ட்ரோடு வகைகள் இருக்கின்றன. என் காதுக்குப் பொருந்தாதவை எல்லா பிராண்டிலும் இருந்தன, பொருந்துபவையும் இருந்தன. நான் பிராண்டைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என் செவியைத் தீர்மானிக்கப்போகிற தேர்வு அதற்குள்ளே ஒரு படி கீழே இருந்தது.

மீதம் இருந்த இரண்டு

வெளியே வந்தபோது இரண்டு பெயர்கள் மீதம் இருந்தன. மூன்றில் ஒன்று போனதிலேயே எனக்குப் பாதி பாரம் இறங்கியது. அதன் பிறகு பார்த்தவை எல்லாம் அன்றாட விஷயங்கள். முதலாவது என் இடது காது. அதில் ஹியரிங் எய்டு தொடரப்போகிறது என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் போனில் இருந்து ஒலியை வாங்குமா என்று பார்க்க வேண்டும். அட்வான்ஸ்டு பயானிக்ஸும் ஃபோனாக்கும் ஒரே தாய் நிறுவனமான சோனோவாவைச் சேர்ந்தவை என்பதால் அங்கே அந்த ஜோடி. காக்ளியர் நிறுவனம் ரீசவுண்டோடு கூட்டு வைத்திருக்கிறது. மெட்-எல் பின்னால் ஸ்டார்க்கியோடு கூட்டு வைத்துக்கொண்டது. ஒரு காதில் மட்டும் வைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. இரண்டு காதிலும் ஒலி சேர்ந்து வருவது சந்தடியான இடத்தில் எவ்வளவு உதவும் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, காயில் கேபிள். பல ஆண்டுகளாக இம்ப்ளாண்டோடு இருக்கிற ஒரு பெரியவரை அறிமுகம் செய்து வைத்தார்கள். உள்ளே அதே பழைய கருவிதான், வெளியே மூன்றாவது பிராசஸர். நான் ஒலியைப் பற்றிக் கேட்கக் கேட்க, அவர் தலையில் ஒட்டியிருந்த காயிலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். காயிலோடு கேபிள் சேரும் இடத்தில் மெல்லிய விரிசல். உள்ளே செம்புக் கம்பி மின்னியது. "இது அறுந்தா அவ்வளவு பெரிய மெஷினும் சும்மாதாம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி நான் இதைத் தவிர எல்லாத்தையும் விசாரிச்சேன். நீ முதல்ல இது எத்தனை நாள்ல கைக்கு வரும்னு கேளு," என்றார். நான் கேட்டேன். இரண்டு நிறுவனத்தின் ஆட்களிடமும், அப்புறம் அவர்களிடம் வாங்கிப் பயன்படுத்துகிறவர்களிடமும். நிறுவனத்தார் சொன்ன பதிலும் பயனர்கள் சொன்ன பதிலும் ஒரு பக்கம் ஒத்துப்போயின, இன்னொரு பக்கம் ஒத்துப்போகவில்லை. அது எந்தப் பக்கம் என்று எழுதுவதில் பயன் இல்லை. இடத்துக்கு இடம் இது மாறும். அவரவர் இருக்கும் இடத்தில் விசாரிக்க வேண்டிய விஷயம் இது. கேபிளே இல்லாமல் பொத்தான் போலத் தலையில் ஒட்டிக்கொள்ளும் கான்சோ, ராண்டோ போன்ற பிராசஸர்களும் இருக்கின்றன. அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் காதில் மாட்டிக்கொள்ளும் பிடிப்பு இல்லாததால் காந்தம் சரியாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குனிந்த இடத்தில் விழுந்துவிடும்.

மூன்றாவது, என் விரல்கள். எனக்குக் காலையில் விரல் மூட்டுகள் இறுகிப்போய்விடும். ஆடியாலஜிஸ்ட் இரண்டு மாதிரிக் கருவிகளையும் மேஜையில் வைத்து, "மேடம், கண்ணை மூடிக்கிட்டு பேட்டரியைக் கழற்றி மாட்டுங்க," என்றார். ஒன்றில் நகத்தால் ஒரு சின்னப் பூட்டைத் தள்ள வேண்டும். அது எனக்கு வரவே இல்லை. இன்னொன்றை முழு விரலால் பிடித்துத் திருகினாலே போதும். இது சில்லறை விஷயம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். தினமும் காலையில் கண் விழித்ததும் நான் செய்யப்போகிற முதல் வேலை அது. எரிச்சல் தருகிற கருவி டப்பாவுக்குள் போய்விடும் என்று அந்த ஆடியாலஜிஸ்ட் சொன்னார். எத்தனையோ பேரின் கருவியைப் பார்த்தவர் அவர். காதில் இல்லாத கருவியால் மூளைக்குப் பழக்கம் வராது. குழந்தைகளுக்கு என்றால் இந்தக் கேள்வி இன்னும் வேறு மாதிரி. கருவியை இழுத்து எறியாத மாதிரி பிடிப்பு இருக்கிறதா, பேட்டரியைப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளாதபடி பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குத் தடையாக இருந்த அதே பூட்டு அங்கே தேவையானதாக ஆகிவிடுகிறது.

நான் கடைசியில் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை இங்கே எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்பதற்காக இல்லை. என் சுருளின் நீளம், என் டாக்டரின் கை, என் இடது காது, என் விரல்கள் ஆகிய நான்கும் சேர்ந்து எடுத்த முடிவு அது. வேறொருவருக்கு இந்த நான்கில் ஒன்றுகூடப் பொருந்தாது. பெயரைச் சொன்னால் பெயர் மட்டும்தான் மனதில் நிற்கும் என்று எனக்குப் பயம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிராண்டைத் தேடிய நேரத்தில் ஒரு பங்கையாவது மேப்பிங் செய்யப்போகிறவரைத் தேடுவதில் செலவிடுங்கள். ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்னோட்டம் போனால் லேசாகக் கேட்கும், எவ்வளவு போனால் இதமான சத்தமாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அமைப்பதுதான் மேப்பிங். ஸ்விட்ச் ஆன் செய்த அன்று எனக்குக் கேட்டது கீச்சுக் கீச்சென்ற ஒலிதான். என் மகளின் குரல் எது, நாற்காலி நகர்கிற சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. அதற்குத் தயாராகவே இருந்தேன். ஆனால் சில வாரங்கள் கழித்தும் சில மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பியபடியே இருந்தன. சத்தம் கூடும்போது வலது கண்ணுக்குக் கீழே லேசாகத் துடித்தது. ஆடியாலஜிஸ்ட் எலக்ட்ரோடுகளை ஒவ்வொன்றாகத் தூண்டி, என் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு எலக்ட்ரோடுகளில் இருந்து போகிற மின்னோட்டம் முக நரம்பையும் தொடுகிறது என்று கண்டுபிடித்தார். அந்த இரண்டையும் அணைத்துவிட்டு, அவற்றின் பங்கை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுத்தார். துடிப்பு நின்றது. அடுத்த வாரத்திலேயே "கடை"யையும் "தடை"யையும் உதட்டைப் பார்க்காமல் பிரிக்க முடிந்தது. எண்ணிக்கையில் இரண்டு குறைந்து, கேட்பது தெளிவானது. அணைத்த இரண்டில் ஒன்றை, அடுத்த முறை குறைந்த அளவில் மறுபடி எழுப்பிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.